எல்லா எண்ணிலும் சிறிய புள்ளி

எங்கள் அடுக்ககத்தில் எந்தக் கதவு திறந்தாலும், சத்தத்தை வைத்தே யார் கிளம்புகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். எதிர் வீட்டுக் கதவு இரண்டு முறை முனகும். கீல் சரியில்லை. எண்ணெய் போடச் சொல்ல வேண்டும் என்று பல தடவை வாய்வரை வந்து, சொல்லாமல் விட்டேன். முனகல் நின்றுவிட்டால் எனக்குத்தானே நஷ்டம்.

எதிர் வீட்டுக்காரியைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று விசாரணையில் கேட்டீர்கள். எல்லாம் தெரியும். தையல்காரி. புருஷன் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறான். அந்தப் பெண்ணுக்கும் ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் இவள்தான், அதுவும் கச்சிதமாக. ஒரே மகள், கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கரண்ட் பில் வந்தால் அன்று முழுக்க விளக்கு போட மாட்டாள். இதை வேவு என்று எழுதிவிடாதீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கண்பார்வை போய்விட்டது. சாயங்காலமானால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு என்ன சேதி?" என்பார். நான் பார்த்து வந்து சொன்னால்தான் அவருக்கு உலகம். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு எனக்கே ருசி தட்டிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். யாராவது எதையாவது கேட்டு, "தெரியாது" என்று சொல்ல நேர்ந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புது மாத்திரையை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும்போது வருகிற ரத்தப் பரிசோதனை எண்களெல்லாம் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அவற்றைக் கணினியில் ஓட்டி, மாத்திரை நல்லதா கெட்டதா என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அதற்குக் கணினிக்குக் கட்டளை எழுத ஒரு நிரல் மொழி வேண்டும். எங்களிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கிய மொழி. வருஷா வருஷம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். தாமதமானால் திறக்காமல் முறுக்கிக்கொள்ளும். அதனால் அலுவலகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். மாப்பிள்ளையின் மனசறிந்து நடக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தலை நரைத்ததெல்லாம் அவரோடுதான்.

பிறகு தாடி வந்தார். முகத்தில் பாதி தாடி, ஆகையால் தாடி. அவர் கொண்டுவந்தது இலவச மொழி. யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம். நான் அதற்குப் பொதுக்குழாய் என்று பெயர் வைத்தேன். ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது.

"என்ன தம்பி, பொதுக்குழாயில இன்னிக்குத் தண்ணி வந்துச்சா?"

"கொட்டுதுக்கா. உங்க மாப்பிள்ளை கோபம் தீர்ந்து எழுந்துட்டாரா?"

நல்ல பிள்ளை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இயக்குநர் ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒரே தரவை இரண்டு மொழியிலும் தனித்தனியாக ஓட்டி, பதில்களை வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம், எது தேறுகிறதோ அது இருக்கட்டும் என்றார். தேறாத மொழியோடு யார் போவார்கள் என்று சொல்லவில்லை. "அக்காவுக்கும் ஓய்வு வேணுமில்ல" என்று மட்டும் சிரித்தபடி சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் பொதுக்குழாய்ப் பாடம் கேட்டேன். ஒரு பொடியன் "இது ரொம்ப ஈஸி" என்று ஆரம்பித்தான். மூன்றாவது பாடத்தில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போய்க்கொண்டே இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே கேட்கக் கூடாதல்லவா. இந்த வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான்? வீட்டில் இருக்கிறவர் என் கண்ணால் பார்க்கிறவர், என் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்.

அந்தத் தரவு முழங்கால் வலி மாத்திரையுடையது. எதிர் வீட்டுக்காரியை அந்தப் பரிசோதனையில் சேரச் சொன்னதே நான்தான். மெஷின் மிதித்து மிதித்து அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. மாத்திரை இலவசம், டாக்டர் இலவசம். "நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்று போய்ச் சேர்ந்தாள்.

கேள்வி எளிமையானது. எத்தனை பேருடைய ரத்தத்தில் ஈரல் எண் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் இருக்கிறது? நான் மாப்பிள்ளையிடம் கேட்டேன். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் என்றார். தாடி மறுநாள் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"பதிலே வரலைக்கா. தெரியாதுன்னு வருது."

"உன் குழாய்க்கு என்னதான் தெரியும்?"

"சில பேரோட ரத்த ரிப்போர்ட் வரவே இல்ல. கட்டம் காலியா இருக்கு. அவங்கள விட்டுட்டு எண்ணுன்னு ஒரு வார்த்தை போட்டா பதில் வந்துடும். ஆனா அவங்க ஏன் வரலைன்னு தெரியாம எப்படிக்கா போடறது?"

என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் மொழியில் காலிக் கட்டம் ஒரு புள்ளியாக நிற்கும். ஒப்பிடும்போது அந்தப் புள்ளி எல்லா எண்ணையும்விடச் சிறியது. இந்த அளவுக்குக் கீழே யாரெல்லாம் என்று கேட்டால் புள்ளியும் கை தூக்கும். அதாவது, பரிசோதனைக்கு வராமல் போனவர்கள்தான் எல்லாரையும்விட ஆரோக்கியமானவர்கள். இது மாப்பிள்ளையின் குற்றம் இல்லை, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. புள்ளியை ஒதுக்கு என்று ஒரு வரி எழுத வேண்டும், நேற்று வந்தவனுக்கும் தெரியும். அவசரத்தில் நான் எழுதவில்லை.

அப்போதே எழுதியிருக்கலாம். விரல் விசைப்பலகைமேல்தான் இருந்தது. ஆனால் எழுதினால் அத்தனை பேரும் கணக்கிலிருந்து கழிந்து, அவர்கள் கதி என்ன என்ற கேள்விக்கு என் பதிலும் தெரியாது என்றாகிவிடும். இருவரும் தெரியாது என்றால், காசு வாங்காமல் தெரியாது என்கிறவரைத்தானே இயக்குநர் வைத்துக்கொள்வார்?

சும்மா இருக்காமல் அந்தக் காலிக் கட்டங்கள் யார் யாருடையவை என்று பார்த்தேன். பெயர் இருக்காது. ஆனால் வயது, எடை, தொழில் இருக்கும். ஒரு வரியில் தொழில் தையல். யார் சொல்லி வந்தீர்கள் என்ற இடத்தில், எதிர் வீட்டு அக்கா. அந்த எதிர் வீட்டு அக்கா நான்தான். என்னை யாரோ பெயர் சொல்லாமல் தொட்டுக் கூப்பிட்டது போல இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். "எதிர்ல மெஷின் சத்தமே கேக்கலையே, ரெண்டு மூணு நாளா?"

"துணி வரலையாம்" என்றேன்.

கதவு முனகியது. அவளே வந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அவள் குனிந்து நின்ற விதமும் சரியில்லை.

"அக்கா, சாப்பாடு ஒத்துக்கல. வாந்தியா வருது. ரத்தம் எடுக்குற கிளினிக்குக்குப் போகக்கூட முடியல, கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

அவள் கிளினிக்குக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள். கட்டம் நிரம்பும். எந்த எண் வரும் என்று அவள் கண்ணைப் பார்த்த எனக்கு விளங்கியது. ஒரு கட்டம் நிரம்பினால் மற்றக் கட்டங்களையும் தேடி ஆள் அனுப்புவார்கள்.

"நிறுத்தாத. பாதியில விட்டா முழங்கால் திரும்ப வீங்கும். கணக்கு போட்டதே நான்தான், எல்லாருக்கும் நல்லா இருக்கு. இது வெயில் சூடு. வெள்ளிக்கிழமை போகட்டும், நானே உன்ன ஆட்டோல கூட்டிட்டுப் போறேன்."

"அப்போ பயமில்லையேக்கா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

உள்ளே இருந்து வீட்டுக்காரர், "யாரு?" என்றார். துணி கேட்டு வந்தாள் என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய்கள் அந்த இரண்டுதான். அவர் கண்ணுக்கு நான் அதுவரை துரோகம் செய்ததில்லை.

தாடியையும் கவனிக்க வேண்டியிருந்தது. அவர் கிளினிக்குக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எவரிடமும் பொய் சொல்லவில்லை; தேநீர் நேரத்தில் பேசினேன், அவ்வளவுதான். முன்பு இருந்த இடத்தில் கணக்கு பிசகி அனுப்பிவிட்டார்களாம் என்றேன் கணக்காளரிடம். எழுதுவதெல்லாம் இணையத்தில் எவரோ போட்டதாம் என்றேன் வரவேற்பறைப் பெண்ணிடம். இப்போது பதில் வராமல் தவித்துக்கொண்டு கிளினிக்குமேல் பழி போடப் பார்க்கிறாராம். மாலைக்குள் அது இயக்குநர் அறைவரை நடந்து போய், திரும்பி என்னிடமே வந்தது, கையும் காலும் முளைத்து. "அக்கா, தெரியுமா சேதி?" என்று கணக்காளர் எனக்கே சொன்னார். நான் ஆச்சரியப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை திரையில் இரண்டு பதில்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. என் பக்கம் ஓர் எண். அவர் பக்கம் தெரியாது. இயக்குநர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"காசு வாங்கிக்கிட்டாலும் அது வாயத் திறக்குதுப்பா."

யாரோ சிரித்தார்கள். தாடி எழுந்து நின்றார். "சார், தெரியாதுங்கறதுதான் சார் சரியான பதில். அந்தக் காலிக் கட்டத்துல எல்லாம் ஆள் இருக்காங்க. ஒருத்தரையாவது வீட்டுல போய்ப் பாக்கணும் சார்."

"உக்காருங்க தம்பி. முன்னாடி இடத்துலயும் இப்படித்தான் ஆச்சாமே?"

அவர் உட்கார்ந்தார். எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். மாத்திரையை இன்னும் நிறையப் பேருக்குக் கொடுக்கலாம் என்று அறிக்கை போயிற்று. கீழே என் கையெழுத்து.

சொன்னபடி அன்றைக்கே ஆட்டோ கூப்பிட்டேன். அதை நீங்கள் மறக்கக் கூடாது. அவளைக் கைத்தாங்கலாகத்தான் இறக்கினேன். வழியில் மகளுக்குத் தைத்து முடிக்காத சுடிதாரைப் பற்றியே பேசினாள், கழுத்து மட்டும் பாக்கி என்று. பிறகு பேச்சு குழறியது. ஆஸ்பத்திரி டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்று அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். மாத்திரையை முதலிலேயே நிறுத்தியிருந்தால் ஈரல் தேறியிருக்கும் என்று அவள் கண்ணை மூடிய பிற்பாடு சொன்னார். காலியாக இருந்த மற்றவர்களிலும் சிலர் போய்விட்டதாக நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். அவர்கள் எங்கள் அடுக்ககம் இல்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு தப்பு என்று எனக்குத் தெரியும். அவள் கண் மஞ்சள் என்று தெரியும். எதனால் என்றும் தெரியும். தெரிந்துதான் மாத்திரையை விழுங்கச் சொன்னேன். தெரிந்துதான் வெள்ளிக்கிழமைவரை அவளை வீட்டுக்குள் வைத்தேன். இதில் மாப்பிள்ளைக்கும் பொதுக்குழாய்க்கும் பங்கில்லை. ஒன்று கேட்டதற்குப் பதில் சொல்லியது, மற்றொன்று தெரியாததைத் தெரியாது என்றது.

ஒன்றுதான் பாக்கி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மகள் பையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, உங்களுக்குத் தெரியாம நம்ம மாடியில எதுவுமே நடக்காதே. அம்மாவுக்கு எப்போலேர்ந்து இப்படி?"

"தெரியலையேம்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை சுலபமாக வந்தது.

அதைப் பொய் என்று எழுதாதீர்கள். கட்டம் காலியாகத்தானே இருந்தது.