காளான் புரொபசரோட பேரு

புரொபசரா? அப்படி யாரும் இப்ப இங்க இல்லீங்களே. காளான் போடக் கத்துக்கணும்னா லின்சியப் பாருங்க. மன்னார்குடிக்குப் போயிருக்கு, வந்துரும். அந்தச் சாக்கு மேல உக்காருங்க.

யாரு சொன்னா உங்களுக்கு, தஞ்சாவூர்லயா? இன்னமும் அவன் புகழு அங்க ஓடுதா! சரி, கேளுங்க.

லின்சியோட அப்பா பெரியநாயகசாமி, இந்த ரைஸ்மில்லுல லாரி ஓட்டுறாரு. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு கல்யாணப் பந்தியில மொதலாளி நடராசன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, எம்பொண்ணு வைக்கோலத் தங்கமாக்கிருவா மொதலாளின்னு விட்டுட்டாரு. காளானத்தான் சொல்றாரு. அந்தப் பொண்ணு படிச்சது பி.காம். காளானப் பிரியாணியில தவிர வேற எங்கயும் பாத்ததில்ல. மொதலாளி விடுவாரா? மில்லுக்குப் பின்னாடி கொட்டகை சும்மா கெடக்கு, வைக்கோலும் கெடக்கு, ஆக்கிக் காட்டச் சொல்லு, இல்லாட்டி லாரிச் சாவிய வெச்சுட்டுப் போன்னுட்டாரு.

அழுதுக்கிட்டிருந்த பொண்ணுகிட்ட வந்து சேந்தான் இவன். கூலிங் கிளாஸு, கோட்டு. நம்ம ஊரு வெயில்ல கோட்டு! கேட்டா, புரொபசர் எம்.னு மட்டும் சொல்லுவான். கதவச் சாத்திக்கிட்டுத்தான் வேலை பாப்பான், லின்சிகூட உள்ள போகக் கூடாது. ஆனா வேலை தெரிஞ்சவன்ங்க, அதச் சொல்லணும். வைக்கோல அடைச்சுத் தொங்கவிட்ட பையெல்லாம் வெள்ளை வெளேர்னு பூத்துத் தள்ளிருச்சு. எல்லாம் லின்சி வேலைன்னு நெனச்சு மொதலாளி வாயப் பொளந்துட்டாரு.

அப்புறம் ஆரம்பிச்சான் பாருங்க. இனிமே கொட்டகை என்னுது, நீ எங்கிட்டக் கூலிக்கு வா, இல்லாட்டி இப்பவே பஸ் ஏறிருவேன், உங்கப்பன் வண்டவாளம் மொதலாளிக்குத் தெரிஞ்சுரும்ங்கிறான். அது கெஞ்சுது, செய்யிற மொறையையாவது சொல்லிக் குடுங்க சார்னு. இவனுக்குக் குஷி தாங்கல. எம்பேரு என்னன்னு கண்டுபிடி, எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு உங்கிட்டயே வேலை பாக்குறேன், ஞாயித்துக்கெழம வரைக்கும் டயம்னான். எவ்வளவு திமிரு!

லின்சி லேசுப்பட்டதா? துப்பட்டாவ மூஞ்சி வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு, அவன் ஏறுன நாகூர் பஸ்லயே பின்னாடி ஏறிருச்சு. அவன் நொழைஞ்ச வீட்டப் பாத்து வெச்சுக்கிச்சு. அவன் வெளிய போனதும், வாசல்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த கெழவிகிட்ட நேராப் போயி நடந்ததையெல்லாம் கொட்டிருச்சு. கெழவி கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுட்டுக் காதுல சொன்னா.

ஞாயித்துக்கெழம காளான் வாங்க ஊரே நிக்குது. இவன் ஓரமா வந்து, என்ன, சொல்லுங்கிறான். மாணிக்கமா சார்? இல்ல. மகேந்திரனா? இல்லவே இல்ல. பல்லெல்லாம் தெரியுது அவனுக்கு. லின்சி தலையச் சொறிஞ்சுக்கிட்டு, என்ன மண்ணாங்கட்டியோ, எனக்குத் தெரியல சார்னுச்சு.

இவன் மூஞ்சி செத்துருச்சு. தெரிஞ்சு சொல்றாளா, தெரியாம சொல்றாளா? முழிக்கிறான். அது நல்லா சத்தமா, என்ன மண்ணாங்கட்டி சார், வேர்க்குதுன்னு கேட்டுச்சு. நிக்கிற சனத்துக்கு ஒண்ணும் புரியல. இவனுக்குப் புரிஞ்சுபோச்சு. ஆத்திரத்துல ஓங்கி ஒரு மிதி மிதிச்சான். மிதிச்ச எடம் மில்லுத் தண்ணி போற வாய்க்கா, முழங்கால் வரைக்கும் சேத்துல போயிருச்சு. மொதலாளியே புடிச்சு இழுத்தாரு. காலு வந்துச்சு, ஷூ வரல.

சிரிங்க சிரிங்க. சொன்ன சொல்லு மட்டும் தவறலைங்க அவன். சொல்லிக் குடுத்தான். இப்ப லின்சி வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கதவத் தொறந்து வெச்சுச் சொல்லிக் குடுக்குது. அவனா? அங்க ஆவி வருதுல்ல, காளானுக்கு வைக்கோல் அவிக்கிறான்.

ஐயோ, நீங்க அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டுறாதீங்க. லின்சியே அண்ணேன்னுதான் கூப்புடும். நான் ஒருத்திதான் கூப்புடுவேன்.

எனக்கென்ன உரிமையா? நல்லாக் கேட்டீங்க, அந்தக் கெழவி நாந்தானேங்க. எம்புள்ளதான் அவன். இவனுக்கு முன்னாடி பொறந்தது எதுவும் தங்கல. இதாவது நெலைக்கட்டும்னு, எமனுக்கே புடிக்காத பேராப் பாத்து வெச்சேன். எமனுக்குப் புடிக்கல, புள்ள நின்னுட்டான். அவனுக்கும் புடிக்கலைன்னா அதுக்கு நான் என்னங்க பண்றது?