உதாரண வாக்கியம்

ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, அதை வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் எப்போதும் சொல்வேன், இன்ஸ்பெக்டர் சார். உட்காரச் சொன்னதற்கு நன்றி. எனக்கு முழங்கால் வலி.

வேதசிரோமணி அண்ணாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார்கள். இருவருக்கும் வீடு சிட்லபாக்கத்தில். மாலையில் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவோம். அவருக்குக் காது மந்தம், தூரத்தில் இருப்பதும் மங்கல். கரி வண்டியென்றால் புகையாவது தெரியும். மின்சார வண்டி பூனை மாதிரி வந்துவிடும். "அண்ணா, நில்லுங்க, வண்டி வருது" என்று நாற்பத்தொன்பதாம் வருஷத்திலிருந்து பத்தொன்பது வருஷம் சொன்னேன். "நீங்க கூட இருக்கீங்கன்னுதான் தம்பி நான் நிம்மதியா இருக்கேன்" என்பார் அவர் மனைவி ஞானஜோதி அண்ணி.

அண்ணா பிள்ளைகளுக்காக ஓர் இங்கிலீஷ் சொல் புத்தகம் எழுதினார். பிழை திருத்தக் கையெழுத்துக் கட்டை என்னிடம்தான் கொடுத்தார். 'எக்ஸாஸ்பரேட்' என்ற சொல்லுக்கு அர்த்தம் சரியாகவே போட்டிருந்தார்: ஒரே தொல்லையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து ஒருவரின் பொறுமையை அடியோடு தீர்ப்பது. சின்ன எரிச்சலுக்கெல்லாம் இதைப் போடக் கூடாது என்று குறிப்பும் இருந்தது. கீழே உதாரண வாக்கியம். தமிழில் சொன்னால், 'நில்லுங்கள், நில்லுங்கள் என்று தினமும் சொல்லியே லாசரஸ் என் பொறுமையைத் தீர்க்கிறார்.'

லாசரஸ் நான்தான். செங்கல்பட்டு வரைக்கும் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாரே என்று நெஞ்சு கொதித்தது. அவரிடம் கேட்கவில்லை. மேற்கொண்டு படிக்கவும் இல்லை, கட்டி வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை எதுவும் பேசாமல் அவர் கூடவே நடந்தேன். தொல்லை என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே. நான் அவரைத் தொடவே இல்லை. பேசாமல் இருப்பது குற்றமா, சார்? முதல் வாக்குமூலத்தில் இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி விட்டுப்போயிற்று. பிழை திருத்தியே பழகியவன், அது உறுத்துகிறது.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அண்ணா தாமாகவே நின்றார். "என்ன லாசரஸ், இன்னிக்கு வாயே திறக்கல? வண்டி ஏதாவது வருதா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

வந்துகொண்டிருந்தது. அவர் காதில் விழும்படி சத்தமாகவே, "இல்லண்ணா, போங்க" என்றேன்.

நேற்று அண்ணி அந்தக் கட்டைத் திருப்பி வாங்கிப் பிரித்து, பின்னால் ஒரு பக்கத்தைக் காட்டி அழுதார்கள். 'ரிலை' என்றால் ஒருவரை முழுசாக நம்பியிருப்பது. உதாரண வாக்கியம்: 'தண்டவாளத்தைத் தாண்ட நான் லாசரஸை நம்பியிருக்கிறேன்.'

அந்தப் பக்கத்தை அண்ணா முதலிலேயே என்னிடம் காட்டியிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது அவர் தப்பு, சார்.