ரோஸ் கலர் கோடு

"அத கீழ வெக்காதீங்க, மடியிலயே வெச்சிக்குங்க. அதுக்கு ஆட்டம் ஆவாது."

விழுப்புரத்தில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த அம்மா இப்படிச் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். அவர் கணவரின் கையில், டவலில் சுற்றிய இரும்புச் சாமான் ஒன்று.

"கொழந்தயாடி இது? கார் இஞ்சினுக்குக் கரண்ட் பிரிச்சு வுடற டிஸ்ட்ரிபியூட்டர். உள்ள புஷ் தேஞ்சு, ஷாஃப்டு ஏற்கெனவே ஆடிக்கினுதான் இருக்கு. அதான் வண்டி திக்கித் திக்கி ஓடுது."

"திண்டிவனத்துல இன்னிக்கே புது புஷ் போட்டுடுவாங்களா? நாளான்னிக்கு வளகாப்பு முடிஞ்சி பொண்ண நம்ம கார்லதான் கூட்டியாரணும்."

"லேத்துப் பட்டறையில சொல்லிட்டேன். புஷ்ஷ நேத்தே எண்ணெயில ஊறப் போட்டுட்டாங்க."

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பேஜாராப் போச்சு! கழட்டறப்ப உள்ள சுத்தற ரோட்டர் எந்தப் பக்கம் நின்னுதுன்னு கோடு போட மறந்துட்டேன். திரும்ப மாட்டுனா டைமிங் கெடைக்காது, வண்டி ஒழுங்கா ஸ்டார்ட் ஆவாது. போன தபா மூணு நாளு அல்லாடுனேன்."

"போட்டாச்சு" என்றார் அந்த அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. "நீங்க ஸ்பானர் எடுக்கப் போனப்ப, ரோட்டர் நின்ன எடத்துக்கு நேரா இது மேல ஒரு கோடு இழுத்தேன். இஞ்சின் மேலயும் ஒண்ணு. பொண்ணு வுட்டுட்டுப் போன நெயில் பாலிஷ்."

அவர் டவலைப் பிரித்தார். ரோஸ் கலரில் பளிச்சென்று இருந்தது.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"திண்டிவனம் போறதுக்குள்ளயாவது ஞாபகம் வருதான்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் டவலை மறுபடி சுற்றி, மெதுவாக அந்த அம்மாவின் மடியில் வைத்தார்.

"நீயே வெச்சிக்கோ."