வெள்ளிக்கிழமை மனுக்கள்

— வேண்டாம் தாயி. அந்த மனுவ நீயே வச்சுக்கோ.

— அய்யா, நாகலாபுரத்துல இருந்து ரெண்டு பஸ்சு மாறி வாரேன் பாத்துக்கிடுங்க. கோவில்பட்டியில உங்க வீட்டுக்குத்தான் மொதல்ல போனேன். வெள்ளிக்கிழமைன்னா இடைசெவலுக்கு ரோடு பிரியுத விலக்குல கார நிறுத்தி உக்காந்திருப்பீங்கன்னு சொன்னாவ. அதான் ஓடியாந்தேன்.

— நல்லாப் பாடம் பண்ணியிருக்க. யாரு, பூவனநாதன் சொல்லிக் குடுத்தானா?

— அது யாருய்யா?

— எங்க டிரைவர்தான். எனக்கு டீ வாங்கக் கடைக்குப் போயிருக்கான்லா, அவன்.

— அவிய யாருன்னே எனக்குத் தெரியாதுய்யா. நீங்க மந்திரியா இருக்கையில, எங்க ஊரு தண்ணித் தொட்டியில மோட்டார் போடுத வேலைக்கு எங்க வீட்டுக்காரருக்குக் கடுதாசி குடுத்தீங்க. அதையும் மடியில கொண்டாந்திருக்கேன், இந்தா பாத்துக்கிடுங்க.

— அத வேற எழுதிக் குடுத்துட்டானா! கேட்டியா தாயி, உம்மேல எனக்குக் கோவம் இல்ல. நான் இப்ப மந்திரியும் இல்ல, எம்எல்ஏவும் இல்ல. பதிமூணு வருசமாச்சு. உக்கிரபாண்டி இன்னைக்கு வெறும் ஆளு. வெயில் ஏறுது, வீட்டுக்குப் போ.

— பதவி எதுக்குய்யா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னுதான்...

— போ தாயி. அந்தா பஸ்சு வருது பாரு.

— சரிங்கய்யா. ஒடம்பப் பாத்துக்கிடுங்க.

— இந்தாங்க அண்ணாச்சி, சீனி போடாத டீ. கடையில பால் வர நேரமாயிட்டு. என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?

— பூவனம், ஏறி உக்காரு. கதவச் சாத்து. எத்தன வருசமாலே எனக்கு வண்டி ஓட்டுத?

— முப்பத்தஞ்சு வருசமா ஓட்டுதேன். என்னத்தச் சொல்ல, மொத நாளே ஓட்டப்பிடாரம் பக்கம் ஜீப்பக் கரிசல் சகதியில எறக்கிட்டேன். நீங்கதான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பின்னால நின்னு தள்ளுனீங்க.

— அந்த முப்பத்தஞ்சு வருசத்துல என்கிட்டப் பொய் சொல்லியிருக்கியா?

— என்ன அண்ணாச்சி, இப்படிக் கேக்குதீங்க?

— ஆறு மாசமா வெள்ளிக்கிழமை தவறாம இங்கன ரெண்டு பேரு, மூணு பேரு மனுவோட நிக்குதாவ. நானும் வாங்கிச் சட்டைப் பையில வைக்கேன். அம்புட்டும் ஒரே நோட்டுல கிழிச்ச தாளு. அம்புட்டும் ஒரே கையெழுத்து. உம்மக முத்துச்செல்வி கையெழுத்து எனக்குத் தெரியாதாலே? காலேஜுக்கு விண்ணப்பம் எழுதுனப்ப எம் முன்னால உக்காந்துதான எழுதுனா?

— அண்ணாச்சி...

— அதுல "மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு"ன்னு வேற. யாருலே இப்ப அமைச்சரு?

— தப்புதான் அண்ணாச்சி. என்னத்தச் சொல்ல... கட்சியில இனி சீட்டு இல்லன்னு சொன்ன பெறகும், காலையில குளிச்சு வெள்ளச் சட்டை போட்டு, பையில பேனாவக் குத்திக்கிட்டு வாசல்ல சேரப் போட்டு உக்காந்திருப்பீங்க. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது. பத்து மணி வரைக்கும் பாத்துட்டு, உள்ள போயிச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்துக்கிடுவீங்க. என்னால சகிக்க முடியல. அதான் வெள்ளிக்கிழமையானா காத்தாட இங்கன கூட்டியாந்து, தெரிஞ்ச ஆளுகள நிக்கச் சொன்னேன். மனு வாங்குத அன்னைக்கு நீங்க ரெண்டு இட்லி கூடச் சாப்பிடுதீங்க.

— கேட்டியா பூவனம், எனக்கு மொத வாரமே தெரியும்.

— தெரியுமா? பெறகு ஏன் வாங்குனீங்க?

— ஏக்கம்லே. வேற என்ன? ஒரு காலத்துல இந்த விலக்குல நம்ம வண்டி நின்னா, ஆடு மேய்க்குதவன் ஆட்ட அப்படியே விட்டுட்டு ஓடியாருவான். வந்த ஆளுகிட்ட மொத வார்த்தை என்ன கேப்பேன்?

— "பேரு என்ன"ன்னு கேப்பீங்க. பேர உங்க கையாலயே மனு மேல எழுதிச் சட்டைப் பையில வைப்பீங்க. பிஏ கைக்குப் போனா நடக்காது, அண்ணாச்சி பைக்குப் போனா நடந்துரும்னு தொகுதி பூரா தெரியும்லா.

— பேரக் கேட்டாத்தாம்லே மனுசன் மனசுல நிப்பான். அஞ்சு தடவ ஜெயிச்சது அதுலதான். ரெண்டு தடவ மந்திரியானதும் அதுலதான். நீ நிறுத்துன ஆளுகளுக்கு நடுவுல, ஒருத்தராவது நெசமாவே என்னையத் தேடி வரமாட்டாவளான்னு வாராவாரம் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. இன்னைக்கு மனசு விட்டுப் போச்சு. நீ அனுப்புன பொம்பளைய மனுவ வாங்காமலே திருப்பி அனுப்பிட்டேன்.

— நான் அனுப்புன பொம்பளையா?

— நடிக்காதலே. நாகலாபுரம்னு சொன்னா. புருசனுக்கு நான் குடுத்த கடுதாசின்னு மடியில இருந்து ஒண்ண எடுத்து நீட்டுனா. நல்லாத்தான் தயார் பண்ணியிருக்க.

— அண்ணாச்சி, இன்னைக்கு நான் பத்திரகாளி அக்காவுக்கும் மாரிராஜுக்கும்தான் சொல்லியிருந்தேன். ரெண்டு பேரும் பருத்தி எடுக்கப் போறோம், வரலன்னு போன் பண்ணிட்டாவ. அத உங்ககிட்டச் சொல்ல வாய் வராமத்தான் டீ வாங்கப் போனேன்.

— என்னலே சொல்லுத?

— எம்மக மேல சத்தியமா, நாகலாபுரத்துல எனக்கு ஒருத்தரையும் தெரியாது.

— அந்தக் கடுதாசி... மஞ்சளாத்தான் இருந்துச்சு பூவனம். மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு போயி இருந்துச்சு. வண்டியத் திருப்பு. அந்த பஸ்சு பின்னால விடு!

— கோவில்பட்டி பஸ்சு போயி காமணி நேரத்துக்கு மேல ஆச்சு அண்ணாச்சி. இந்நேரம் அங்கன அடுத்த பஸ்சு ஏறியிருப்பாவ.

— அப்ப நாகலாபுரத்துக்கே விடுலே. நெசமாவே வந்திருக்கா! பதவி எதுக்குய்யான்னு வேற கேட்டா. ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போறா பூவனம்!

— கண்ணத் தொடைங்க அண்ணாச்சி. போயிருவோம். சாயங்காலத்துக்குள்ள ஆளப் புடிச்சிரலாம். யாரு வீடுன்னு விசாரிக்க? அவிய பேரு என்ன சொன்னாவ?

— பேரா?

— ஆமா, பேரு.

— நான் கேக்கலியேலே, பூவனம்.