ஆல்டர் ரோடு மட்டும் பச்சை

இல்ல ஆபீசர், வண்டியத் திருப்ப முடியாது. நீங்க என்னை உள்ள விடக்கூட வேண்டாம். அந்த ரேடியோவ எடுத்து ஆல்டர் ரோட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க, போதும். அங்க ஆபத்து இல்லன்னு யாரு சொன்னா? டவுன் வெப்சைட்டா? ஐயோ, அந்த வெப்சைட்ட செஞ்சதே நான்தான்!

காட்டுத்தீ வந்தா எந்தத் தெரு கிளம்பணும்னு அதுலதான பாக்குறோம். தெருவுக்கு ஒரு கட்டம். பச்சைன்னா வீட்லயே இருக்கலாம், சிவப்புன்னா உடனே ஓடணும். மத்தியானம் மலைக்கு இந்தாண்ட மொத்தத்தையும் சிவப்பாக்கச் சொன்னாங்க. ஆக்கினேன். ஆல்டர் ரோடு மட்டும் மாறல. அப்ப நான் கவனிக்கல.

மிஷின் கோளாறெல்லாம் இல்ல, என் கைவேலை. சுருக்கமா சொல்றேன், கேளுங்க. வெப்சைட் எழுதுறதுல கிளாஸ்னு ஒண்ணு இருக்கு, அத வச்சு ஒரே நிறத்த எத்தன கட்டத்துக்கு வேணா பூசலாம். ஐடிங்கிறது ஒரே ஒரு கட்டத்துக்குன்னு வைக்கிற தனிப் பேரு. ரெண்டும் ஆளுக்கொரு நிறம் சொன்னா ஐடி சொல்றதுதான் நடக்கும். கிளாஸ் கத்திக்கிட்டே கெடக்க வேண்டியதுதான். நிறத்த ஐடில வைக்காதீங்கடான்னு ஆபீஸ்ல தெனம் கத்துறவன் நான். நானே ஆல்டர் ரோட்டுக்கு ஐடில பச்சைய வச்சுத் தொலைச்சிருக்கேன்.

சரி பண்ணிட்டேங்க, இந்த வண்டியில உக்காந்தே பண்ணிட்டேன். என்ன பிரயோஜனம்? அங்க டவர் எரிஞ்சு போச்சு. போன்ல பழைய பச்சைதான் நிக்கும்.

இருங்க... இந்தப் புகை வேற. நீங்க ஹாக்கி கோச் லோர்ன் பையன்தான? உங்கப்பாகிட்ட கேளுங்க, இந்த ரஸ் பொய் சொல்ற ஆளான்னு. கெஞ்சிக் கேக்குறேன் தம்பி, ரேடியோவ எடுப்பா.

ஏன் அந்தத் தெருவுக்கு மட்டும் தனி நிறமா? செய்யும்போது எம் பொண்டாட்டி டார்லீன் பக்கத்துல உக்காந்திருந்தா. என்ன இது, எல்லாத் தெருவுக்கும் வெளிறுன பச்சை, ஆஸ்பத்திரிச் செவுரு மாதிரி, நம்ம தெருவுக்காவது நல்ல பச்சையா வையேன்னா. வச்சேன்.

ஆமா, வீட்லதான் இருக்கா. கார் இருக்கு, சாவி இருக்கு, நல்லா ஓட்டவும் செய்வா. காலைல பக்கத்து வீட்டுக்காரங்க கிளம்புறப்ப எனக்குப் போன் பண்ணா, நானும் அவங்களோட போயிடவான்னு. யார் சொன்னாலும் கிளம்பாத, வெப்சைட்ல சிவப்பு வந்தா மட்டும் கிளம்புன்னு நான்தான் சொன்னேன்.