காபிப்பொடி வாங்கப் போன நேரம்

மெட்ரோவில் என் எதிரே உட்கார்ந்திருந்த தம்பதிக்கு நாற்பது வயதிருக்கும். சினிமா பார்த்துவிட்டு வருகிறார்கள். சுற்றிலும் வங்காளிகள் என்ற தைரியத்தில் தமிழில் சத்தமாகவே பேசினார்கள். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“படத்துல அந்தப் பொண்ணு, வேற ஒருத்தன மனசுல நெனச்சதை அவ புருஷன்கிட்டயே சொல்லிடறாளே. நெஜத்துல யாராவது சொல்லுவாளா?” என்றார் கணவர்.

“கேட்டா சொல்லுவா. எனக்குக்கூட ஒரு கனவு வந்தது. மாடி வீட்டு சுபீர்தா வந்தார்.”

“அவரா? அண்ணாங்கற மாதிரி ‘தா’ போட்டுன்னா கூப்பிடறே.”

“கூப்பிடறது நான். கனவு அதுவா வந்தது.”

“என்ன பண்ணினார்?”

“ஒண்ணும் பண்ணலை. எனக்குத் தலை பின்னி விட்டார். நன்னாத்தான் இருந்தது.”

அடுத்த ஸ்டேஷன் வந்து போனது. அவர் கேட்டார்.

“அப்போ நான் எங்க இருந்தேன்?”

“லேக் மார்க்கெட்ல. ஞாயித்துக்கிழமையானா காபிப்பொடி அரைக்கப் போவேளே, அங்கதான். கடையில ஒரே கூட்டம்.”

காளிகாட் வந்ததும் இருவரும் எழுந்தார்கள். கதவு திறப்பதற்குள் அவர் சொன்னார்.

“இனிமே காபிப்பொடியை ஆன்லைன்ல வாங்கிக்கலாம்.”