எண்பத்தாறு ‘இல்லை’

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் முதல் தாளில் எழுதியபடியே சரி. வயது அறுபத்து மூன்று. தனியார் பள்ளி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக உதவியாளர். ஐந்தாவதுக்கு மேல் பள்ளியில் படிக்கவில்லை. மற்றதை அந்த அலுவலகத்துக்கு வந்த காகிதங்களைப் படித்தே கற்றுக்கொண்டேன்.

சென்ற திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுகாதாரத் துறையிலிருந்து கேள்வித்தாள் வந்தது. புகை, குடி, சாப்பாடு, தூக்கம் பற்றி உள்ளதை எழுதலாம், பெயர் வேண்டாம் என்று அதில் இருந்தது. எண்பத்தாறு பேரும் நம்பி எழுதிவிட்டார்கள். அதன் பிறகு தலைமையாசிரியை அவற்றைப் புரட்டிப் பார்த்து, “பள்ளிக்கூடத்தோட மானமே போயிடும்” என்று சொல்லி, மறுநாள் புதுத் தாள் கொடுத்து எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட வைக்கும்படி வகுப்பாசிரியருக்கு உத்தரவிட்டார். அவரும் செய்தார். தினமும் பல் துலக்குகிறாயா என்ற கேள்விக்கும் எண்பத்தாறு பேரும் ‘இல்லை’. அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள் மூன்று பட்டதாரிகள்.

பழைய தாள்களை எரிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். திருட்டு என்றால் திருட்டுதான். ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: “எல்லாரும் லாரின்னு கூப்பிடுறாங்க. சாரும் சிரிக்கிறாரு. சாப்பாட்டைக் கொட்டிடுறேன். நேத்து படியில கண்ணு இருட்டிடுச்சு.”

புதன்கிழமை அதை வகுப்பாசிரியரிடம் காட்டி, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டேன். “உங்களுக்கு எதுக்கு பெரியவரே இந்த வேலை? இளைச்சா நல்லதுதானே, பெஞ்சாவது பிழைக்கும்” என்றார். பக்கத்திலிருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு தலைமையாசிரியையிடம் போனேன். “பேர் இல்லாத தாளுக்கு யாருங்க பொறுப்பு? எரிக்கச் சொன்னதை எரிங்க” என்றார். யாராவது மனம் மாறுவார்கள் என்று வியாழக்கிழமை முழுவதும் காத்திருந்தேன். அது என் தப்பு. பத்தாம் வகுப்புக்குப் போய் நானே கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மாடிப்படியில் ஒரு மாணவி உருண்டு விழுந்தாள். தலையில் அடி. “லாரி விழுந்துட்டாடா” என்று பிள்ளைகள் கத்தினார்கள். தூக்கியது நான். கனமே இல்லை.

அதன் பிறகு, நான் படியில் தண்ணீர் சிந்தியதால் வழுக்கி விழுந்தாள் என்று மருத்துவமனையிலும் இந்தக் காவல் நிலையத்தில் உங்களிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று பள்ளிக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பொய்யைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவர்கள்.

அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. மருத்துவர் தலைக் காயத்துக்கு மட்டும் பார்க்கிறார். அவள் சாப்பிடாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. தாயிடம் சொல்லப் போனேன். “என் பொண்ணை விழ வச்சுட்டு இங்க எதுக்குய்யா வந்தே?” என்று வாசலிலேயே விரட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

எண்பத்தாறு தாள்களையும் இதோடு ஒப்படைக்கிறேன். மேலே இருக்கும் ஒன்றை மட்டும் இப்போதே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். என் மேல் வழக்கை அப்புறம் எழுதலாம். நான் எங்கும் ஓடிப்போகவில்லை.

இதில் உள்ளது அத்தனையும் நான் கண்டது, கேட்டது, செய்தது. யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்)